தயாரிப்பு பிராக்டிக்கலுக்கு எதைக் கொடுப்பது: குறும்படமா, ஒலிப்பதிவா, கைப்பேசிச் செய்தியா?

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறைகளில் இந்தக் கேள்வி வரும். பெரும்பாலும் விவாதமே இருக்காது. மினிட்ஸ் புத்தகத்தில் ‘குறும்படம்’ என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். பாடத்திட்டத்தின் நோக்கப் பகுதியில் ‘டிஜிட்டல் தொழில்நுட்பத் திறனை வளர்த்தல்’ என்று ஒரு வரி இருக்கும். ஒரு படம் எடுத்து முடித்தால் அந்தத் திறன் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் நம்புகிறோம்.

எனக்கு அந்த நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பு, எட்டு ஜிபி ரேம் கொண்ட லேப் சிஸ்டம்கள், துறைக்கு இரண்டு மூன்று கேமரா, ஒரு செமஸ்டரில் உருப்படியாகக் கிடைக்கும் பதினைந்து வாரம். தமிழ்நாட்டில் பல கல்லூரிகளின் நிலை ஏறக்குறைய இதுதான். இதை வைத்துக்கொண்டு எந்த வேலையைக் கொடுத்தால் ஒவ்வொரு மாணவரும் உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொள்வார் என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

முதலில், திறன் என்று எதைச் சொல்கிறோம்? மென்பொருளின் பெயரைச் சொல்வது திறன் ஆகாது. ரஷஸை, அதாவது வெட்டாத மூலப் பதிவுகளை, இறக்கி, பெயரிட்டு, நகல் எடுத்து வைக்கத் தெரிகிறதா? ஒலி உடையாமல் பதிவு செய்யத் தெரிகிறதா? ஃபிரேம் ரேட்டுக்கும் ஷட்டருக்கும் உள்ள தொடர்பு புரிந்திருக்கிறதா? திரையில் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா? இன்னொருவரின் இசையை எடுக்கும்போது எது கூடும், எது கூடாது என்று தெரிகிறதா? கடைசியாக, வெளியிடும் தளத்துக்கு ஏற்ப கோப்பை ஏற்றுமதி செய்யத் தெரிகிறதா? நான் பார்ப்பது இவற்றைத்தான். இவையெல்லாம் கை வேலை. பக்கத்தில் நின்று பார்த்தால் வராது. அதனால் எந்தத் தேர்வை எடைபோட்டாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: செமஸ்டர் முழுக்க ஒரு மாணவரின் கை எத்தனை மணி நேரம் மைக்கிலும் மவுஸிலும் இருக்கும்?

குறும்படத்தில் இந்தக் கணக்கு ரொம்ப மோசம். எட்டு பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்வோம். இயக்குநர் ஒருவர், கேமரா ஒருவர், எடிட்டிங் ஒருவர், நடிப்பு இரண்டு பேர். மீதி மூன்று பேர் ‘அசிஸ்டென்ட்’ என்ற பெயரில் டீ வாங்கி வருகிறவர்கள், ரிஃப்ளெக்டர் பிடிக்கிறவர்கள், பைக் ஓட்டுகிறவர்கள். எடிட்டிங் யாருக்குப் போகும்? பள்ளியிலேயே யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்த மாணவருக்குத்தான். தெரிந்தவரே மறுபடி செய்வார், தெரியாதவர் தெரியாதவராகவே மூன்றாம் ஆண்டுக்குப் போவார். குழுவுக்கு மொத்தமாக மார்க் போடும்போது இது வெளியே தெரியாது. பிறகு ஒரு வேலைக்கான நேர்முகத்தில், ‘இந்த கிளிப்பைக் கொஞ்சம் வெட்டிக் காட்டுங்கள்’ என்று கேட்கும்போதுதான் தெரியும்.

குறும்படத்தின் மீது மாணவர்களுக்கு உள்ள ஆசையை நான் குறைசொல்லவில்லை. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் சினிமாவுக்குப் போன பிறகு, குறும்படம் என்பது கோடம்பாக்கத்துக்கான நுழைவுச்சீட்டு என்றே ஒரு தலைமுறை நினைக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது. கதையைக் காட்சியாகப் பிரிப்பது, கன்டினியுட்டி பார்ப்பது, ஒளியமைப்பு, நடிகரிடம் வேலை வாங்குவது ஆகியவற்றைக் கற்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் இவை திரைக்கலைத் திறன்கள். நாம் இங்கே தேடுவது வேறு.

தொழில்நுட்பப் பக்கம் வந்தால் இன்னொரு சிக்கல். குழுக்கள் எப்போதும் 4கே-யில்தான் எடுப்பார்கள், ‘குவாலிட்டி’ வேண்டுமாம். ஐபோனில் எச்இவிசி என்ற கோப்புச் சுருக்க முறையில் 4கே 30 ஃபிரேம் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. இரண்டு நாள் ஷூட்டில் 150 நிமிட ரஷஸ் சேர்ந்தால் 25 ஜிபியைத் தாண்டும். அதைப் பழைய லேப் சிஸ்டத்தில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டால் டைம்லைன் நகராது. ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் எடுக்கும் சிறிய நகல்) செய்து எடிட் பண்ணலாம், அது நல்ல பாடமும்கூட. ஆனால் சமர்ப்பிக்கும் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது யாரும் ப்ராக்ஸி கற்றுக்கொள்வதில்லை. வீட்டில் நல்ல லேப்டாப் வைத்திருப்பவரிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிடுகிறார்கள். அத்தோடு எடிட்டிங் லேபை விட்டே வெளியேறிவிடுகிறது.

ஒலியின் கதி இன்னும் பரிதாபம். ஸ்பாட்டில் கேமரா மைக்கில் பதிவானது காற்றும் ஹார்னும் என்று கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிப்பார்கள். உடனே ஹாஸ்டல் அறையில் போர்வைக்குள் டப்பிங். மேலே ஒரு சினிமா பின்னணி இசை. யூடியூபில் ஏற்றியதும், பிறர் உரிமையுள்ள இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளும், சில சமயம் ஒலியே போய்விடும். உரிமை என்றால் என்ன என்பதை அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் பலர் முதல்முறை தெரிந்துகொள்கிறார்கள்.

சரி, ஒலிப்பதிவுக்கு வருவோம். வானொலி விவரணம் என்று சொல்லுங்கள், பாட்காஸ்ட் என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம், ஒரு மாணவர், ஒரு விஷயம், வெளியே போய்ப் பதிவு செய்த குரல்களும் சத்தங்களும். என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

முதல் காரணம் எளிது. தனியாகச் செய்ய முடியும். பதிவு, வெட்டு, கலவை, ஏற்றுமதி எல்லாம் ஒரே ஆளின் கையில். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஆறு எம்பிகூட வராது, அரைமணி நேரப் பேட்டி 175 எம்பிக்குள் அடங்கிவிடும். பழைய சிஸ்டங்களிலும் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் ஓடும், அதுவும் இலவசம். நாற்பது பேருக்கும் நாற்பது வேலை, யாரும் யார் பின்னாலும் ஒளிய முடியாது.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது. படம் இருந்தால் தவறுகளை மறைத்துவிடலாம், ஒலியில் மறைக்க இடமே இல்லை. ஒரு உதாரணம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலையில் மல்லிகை விலை கூவுகிறவரைப் பதிவு செய்யப் போகிறார் ஒரு மாணவர். கைப்பேசியின் சாதாரண ரெக்கார்டரில் எடுத்து வருகிறார். கேட்டால் விசித்திரமாக இருக்கிறது: அவர் கூவும்போது பின்னணி அடங்கி இருக்கிறது, கூவல் நின்ற அடுத்த நொடி மார்க்கெட் இரைச்சல் முழுக்கப் பொங்கி எழுகிறது, மறுபடி கூவினால் மறுபடி அடங்குகிறது. கைப்பேசி தானாகவே ஒலி அளவை ஏற்றி இறக்குகிறது, அதுதான் விஷயம். சத்தம் பெரிதானால் குறைக்கும், சிறிதானால் கூட்டும். வேவ்ஃபார்மை, அதாவது திரையில் தெரியும் ஒலி அலையை, பெரிதாக்கிப் பார்த்தால் அந்த ஏற்றம் சரிவாகக் கண்ணுக்கே தெரியும். இதைத் தன் பதிவிலேயே பார்த்த மாணவருக்கு ‘கெயின்’ என்பது கரும்பலகையில் எழுதிப்போட்ட சொல்லாக இருக்காது. அடுத்த நாள் அளவைக் கையால் வைக்க விடும் ஆப் ஒன்றை இறக்கி, உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கிற மாதிரி வைத்து, மைக்கைக் கூவுகிறவரின் சட்டையில் குத்தி எடுத்து வருவார். வித்தியாசத்தைத் தன் காதாலேயே கேட்பார்.

மார்க்கெட் சத்தத்தை மட்டும் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டு வரச் சொல்வதும் முக்கியம். வெட்டுகளுக்கு இடையே விழும் ஓட்டையை அதை வைத்துத்தான் ஒட்ட வேண்டும். அறையில் எடுத்தால் மின்விசிறிச் சத்தத்துக்கும் இதே கதை. விசிறி மட்டும் ஓடும் பகுதியை மாதிரியாகக் காட்டித்தான் ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்க முடியும். அளவுக்கு மீறிக் குறைத்தால் பேசுகிறவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும், அதையும் ஒருமுறை கேட்கட்டும். அப்புறம் லவுட்னஸ், அதாவது காதுக்குக் கேட்கும் சத்தத்தின் சராசரி அளவு; அதன் அலகு எல்யூஎஃப்எஸ். பாட்காஸ்டுக்கு ஆப்பிள் சொல்லும் அளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் அளவில் இருக்கிறது, ஸ்பாட்டிஃபை சொல்வது மைனஸ் 14. ஏன் இப்படி ஒரு அளவு, உச்சத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசிக்கத் தொடங்கினாலே பாதி ஒலிப்பாடம் முடிந்தது.

ஒலிபரப்பவும் இடம் உண்டு. கல்வி நிலையங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2002 டிசம்பரில் அனுமதித்தது. அதன்பிறகு நாட்டிலேயே முதலாவதாக 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்எம் தொடங்கியது. பிறகு பல கல்லூரிகளுக்கும் உரிமம் கிடைத்தது. உங்கள் வளாகத்தில் அப்படி ஒரு நிலையம் இருந்தால் விடாதீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சமுதாய வானொலியில் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப விதிமுறை அனுமதிப்பதில்லை. விவரணம், வாய்மொழி வரலாறு, உள்ளூர் தொழில்கள் போன்றவைதான் அங்கே செல்லும். வானொலி இல்லையென்றால் பாட்காஸ்டாக ஏற்றலாம். அப்போது புதுப் பகுதிகளைக் கேட்பவரின் ஆப்புக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஃபீட், அட்டைப்படம், குறிப்புரை என்று வெளியீட்டுப் பக்கமும் சேர்ந்துகொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. முதல் நாள் அறிவித்ததும் வகுப்பு முகம் சுளிக்கும். ‘கேமரா எடுக்கத்தான் சார் விஸ்காம் சேர்ந்தோம்’ என்பார்கள். வீட்டில் போட்டுக் காட்ட ஒன்றும் இருக்காது. ஃபிரேமிங், வண்ணம், திரை எழுத்து எதுவும் இதில் வராது. ஒலி மட்டும் கொடுத்துப் பட்டம் கொடுத்துவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

அந்த இடத்தை நிரப்புவது கைப்பேசிச் செய்தி. மோஜோ என்று பத்திரிகையாளர்கள் சொல்வது. இருவர் கொண்ட குழு, தொண்ணூறு நொடி, காலையில் விஷயம் கொடுத்தால் மாலைக்குள் வெளியீடு. கருவி எல்லோர் பையிலும் இருக்கிறது. காலர் மைக் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும், ஆனால் புதுக் கைப்பேசிகளில் ஹெட்ஃபோன் துளையே இல்லை என்பதால் டைப்-சி மைக்கா, அடாப்டரா என்று முன்கூட்டியே பார்த்து வாங்குங்கள்.

இதில் கற்க நிறைய இருக்கிறது, எல்லாம் சிக்கல் வடிவில்தான் வரும். வகுப்பறையில் பேட்டி எடுத்தால் படத்தின் மேல் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டிருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் நிறுத்தினால் பட்டை போய்விடும். கைப்பேசியின் சொந்தக் கேமராவில் பல சமயம் அதைத் தொட முடியாது. ஓபன் கேமரா, பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவச ஆப்களை நிறைய மாடல்களில் போட்டுப் பார்க்கலாம். அடுத்தது, பல கைப்பேசிகள் ஃபிரேம் ரேட்டை நிலையாக வைத்துக்கொள்வதில்லை. முப்பது என்று காட்டும், உள்ளே இருபத்தொன்பது சொச்சம் கூடிக் குறையும். தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலியை இதோடு சேர்த்தால் தொடக்கத்தில் உதடும் குரலும் ஒத்துப்போகும், நாலு நிமிடம் கழித்து விலகி நிற்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான ஃபிரேம் ரேட்டாக மாற்றிய பிறகு எடிட் செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வீடியோ அனுப்பினால் நசுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும் என்பதும் இங்கேதான் மண்டையில் ஏறும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் நாலு ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்பதும் அப்படியே.

தமிழ் எழுத்துப் பிரச்சினையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் வரும் பயிற்சி வீடியோக்கள் எதிலும் இது இருக்காது. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளிலோ பழைய ஃபோட்டோஷாப் வெர்ஷனிலோ ‘கொடி’ என்று தட்டினால் ‘க’வுக்குப் பின்னால் கொம்பும் காலும் தனித்தனியாக உதிர்ந்து நிற்கும். அமைப்புகளில் எழுத்தைக் கோத்துக் காட்டும் ‘டெக்ஸ்ட் இன்ஜினை’த் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் சரியாகிவிடும். இது தெரியாமல் மாணவர்கள் பாமினி மாதிரி பழைய எழுத்துருவுக்கு ஓடிவிடுகிறார்கள். திரையில் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அந்த எழுத்தைத் தேட முடியாது, நகலெடுத்து இணையத்தில் ஒட்ட முடியாது, சப்டைட்டில் கோப்பாக மாற்ற முடியாது. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, இன்னும் நம் லேப்களில் பாமினி ஆண்டுகொண்டிருக்கிறது. யூனிகோடில் (யுடிஎஃப்-8) சேமித்த எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பு ஒன்றைக் கட்டாயச் சமர்ப்பிப்பாக வைத்தால் ஒரே செமஸ்டரில் இந்தப் பழக்கம் ஒழியும்.

கைப்பேசித் தேர்வில் உண்மையான குறை, சமமின்மை. ஒருவரிடம் ஐபோன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பத்தாயிரம் ரூபாய் கைப்பேசி. எல்லோரும் 1080பி-யில்தான் எடுக்க வேண்டும் என்று விதி வைத்து, படத்தின் பளபளப்புக்கு மார்க்கே இல்லை என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் பெரும்பகுதி சரியாகும். அனுமதி விஷயத்தையும் மறக்க வேண்டாம், ரயில் நிலையத்தில் கேட்காமல் படமெடுக்கப் போய் ரயில்வே பாதுகாப்புப் படையிடம் நிற்பதெல்லாம் தேவையில்லாத தலைவலி.

ஸ்டுடியோவில் பச்சைத் திரை வைத்துச் செய்தி வாசிக்கும் வாராந்திர புல்லட்டினும் சில துறைகளில் உண்டு. கல்லூரி விளம்பரக் கையேட்டுக்கு அழகான படம் கிடைக்கும். வாசிப்பவர் இருவர், ஸ்விட்ச்சரில் ஒருவர், மீதிப் பேர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேடிக்கை. குறும்படத்தின் எல்லாக் குறையும் இதில் உண்டு, குறும்படத்தின் சந்தோஷம் மட்டும் கிடையாது.

தரவுச் செய்தியும் மோஷன் கிராபிக்ஸும் நல்ல தேர்வுகள்தான், ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. கூகுள் ஷீட்டில் எண்களைச் சுத்தம் செய்து டேட்டாரேப்பர் என்ற இணையக் கருவியில் வரைபடம் போடுவது இரண்டு வாரத்தில் கற்கக்கூடியது, இன்றைய செய்தி மேசைகளில் அதற்கு மதிப்பும் இருக்கிறது. இதை ஒலி அல்லது கைப்பேசி வேலையின் ஒரு துண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் வேறு உலகம். இலவசம்தான், 2025-இல் அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்விய நாட்டுப் படமே அதில் செய்ததுதான். ஆனாலும் எட்டு ஜிபி ரேம் லேபில் நாற்பது பேரை அதில் உட்காரவைப்பது கொடுமை. ஆர்வம் உள்ள நாலு பேருக்கு விருப்பப் பாடமாகக் கொடுங்கள்.

ஆக, தன்னாட்சிக் கல்லூரியாக இருந்து பாடத்திட்டத்தை நீங்களே வைக்க முடிந்தால், நான் சொல்வது இது. மூன்றாம் செமஸ்டரில் தனிநபர் ஒலி விவரணம். நான்காவதில் இருவர் குழுவாகக் கைப்பேசிச் செய்தி, ஒன்றுக்குப் பதில் நாலைந்து. குறும்படம் ஐந்தாவதில், அதற்குள் எல்லோருக்கும் ஒலி எடுக்கவும் வெட்டவும் தெரிந்திருக்கும். ஒரே ஒரு செமஸ்டர்தான் கையில் இருக்கிறது என்றால் முதல் ஆறு வாரம் ஒலி, அடுத்த ஏழு வாரம் கைப்பேசி, குறும்படத்தை விட்டுவிடுங்கள். இருபது பேருக்கும் குறைவான வகுப்பு, நல்ல சிஸ்டம்கள் என்று அமைந்த இடங்களில் மட்டும் என் வரிசை மாறும், அங்கே குறும்படத்தையே மூவர் குழுவாகச் செய்யலாம்.

பல்கலைக்கழகம் ‘குறும்படம்’ என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டது, மாற்ற வழியில்லை என்கிற இணைப்புக் கல்லூரிகளுக்கு ஒரு வழி உண்டு. படப்பிடிப்பு குழுவாக நடக்கட்டும். ரஷஸை 1080பி ப்ராக்ஸியாக மாற்றி எட்டு பேருக்கும் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் தனக்கென ஒரு மூன்று நிமிட வெர்ஷன் வெட்ட வேண்டும். ஒரே ரஷஸிலிருந்து எட்டுப் படம் வரும்போது வகுப்பில் நடக்கும் வாக்குவாதம், எந்த எடிட்டிங் லெக்சரையும்விடப் பிரயோஜனமானது. போட்டிக்கு அனுப்ப அதில் சிறந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மார்க் போடும் முறை மாறாவிட்டால் பயன் இல்லை. எம்பி4 கோப்பை மட்டும் வாங்காதீர்கள். ரஷஸ், ப்ராஜெக்ட் கோப்பு, ஒலி, இசைக்கான உரிம விவரம், சப்டைட்டில் எல்லாம் உள்ள முழு ஃபோல்டரை வாங்குங்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அதை லேப் சிஸ்டத்தில் திறக்கச் சொல்லுங்கள். ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் பென்டிரைவில் கொண்டுவந்தவர் முன்னால் ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்புத் திரை வந்து நிற்கும். கோப்பு நிர்வாகத்துக்கு அதைவிடத் துல்லியமான தேர்வு இல்லை. பிறகு, ‘இந்த இடத்தில் பேச்சைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, அடியில் ஓடும் இசையை இறக்கிக் காட்டுங்கள்’ என்று ஒரு சின்ன வேலை கொடுங்கள். மூன்று நிமிடத்தில் யார் செய்தது, யார் செய்வித்தது என்று தெரிந்துவிடும்.

ஏஐ கருவிகளைத் தடைசெய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஓபன்ஏஐ 2022-இல் இலவசமாக வெளியிட்ட விஸ்பர், தமிழ்ப் பேட்டியை எழுத்தாக்கித் தரும். ஆனால் வட்டார வழக்கும் ஆங்கிலக் கலப்பும் வந்தால் தடுமாறும். இயந்திரம் தந்த வடிவத்தையும் மாணவர் திருத்திய வடிவத்தையும் சேர்த்துச் சமர்ப்பிக்கச் சொன்னால், திருத்தத்துக்கே மார்க் போடலாம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. துறை பட்ஜெட்டில் புது மிரர்லெஸ் கேமரா ஒன்றைக் கேட்டு எழுதியிருப்பீர்கள். அந்தத் தொகையில் இருபது காலர் மைக், தேவையான அடாப்டர்கள், லேபுக்குப் பொதுவாக இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க், பாதி சிஸ்டங்களுக்காவது ரேம் கூட்டும் செலவு எல்லாம் அடங்கும் வாய்ப்பு அதிகம். கொட்டேஷன் வாங்கும்போது இரண்டையும் சேர்த்தே வாங்கிப் பாருங்கள்.